நர்ஸ் ப்ராக்டிஷனர் சட்டம் மாற நாம் என்ன செய்யலாம்? டெக்சஸில் முதல்முறை இறங்குபவர்களுக்கு

எல் பாசோவிலிருந்து லாஸ் க்ரூசஸுக்குக் காரில் முக்கால் மணி நேரம். நடுவில் மாநில எல்லை. அந்தப் பக்கம், நியூ மெக்சிகோவில், ஒரு நர்ஸ் ப்ராக்டிஷனர், அதாவது நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சை தர மேற்படிப்பு படித்த நர்ஸ், சர்க்கரை நோயாளியைப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி, மருந்தும் எழுதித் தரலாம். எந்த டாக்டரோடும் ஒப்பந்தம் வேண்டாம். இந்தப் பக்கம், டெக்சஸில், அதே படிப்பும் அதே தேசியச் சான்றிதழும் உள்ளவர் ஒரு டாக்டரோடு எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் வைத்திருந்தால்தான் ஒரு மெட்ஃபார்மின் எழுத முடியும். அந்த டாக்டர் நோயாளியைப் பார்த்திருக்க வேண்டியதில்லை, அதே ஊரில் இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அவர் ஓய்வு பெற்றாலோ, இறந்துபோனாலோ, ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டாலோ, வேறொரு டாக்டர் கையெழுத்துப் போடும்வரை மருந்து எழுதும் வேலை நின்றுவிடும். காத்திருப்பது நோயாளிதான்.

இது மாற வேண்டும் என்று நினைக்கிற தமிழ் நர்ஸ்கள் டெக்சஸில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, இங்கே வந்து வருஷக்கணக்கில் நைட் ஷிஃப்ட் பார்த்து, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே மாஸ்டர்ஸ் படித்து நர்ஸ் ப்ராக்டிஷனர் (என்.பி.) ஆனவர்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்டினில் உள்ள சட்டமன்றக் கட்டடத்துக்குள் போனதே இல்லை. "நமக்கெதுக்கு அரசியல்" என்ற தயக்கம் ஒன்று. "நம்மால் செய்யலாமா" என்று தெரியாதது இன்னொன்று. செய்யலாம். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். டெக்சஸை வைத்து எழுதினாலும், உங்கள் மாநிலம் பென்சில்வேனியாவோ ஜார்ஜியாவோ என்றால் தேதிகளும் கமிட்டிப் பெயர்களும்தான் மாறும். வேலை ஏறக்குறைய இதேதான்.

முதலில் இன்றைய சட்டத்தைப் படியுங்கள்

"நமக்குச் சுதந்திரம் இல்லை" என்று பொதுவாகச் சொன்னால் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் ஒருவரும் குறிப்பெடுக்க மாட்டார்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று சொன்னால் பேனாவை எடுப்பார்கள். டெக்சஸில் அது தொழில் சட்டத்தொகுப்பின் 157-ஆம் அத்தியாயம். டாக்டர் தன் அதிகாரத்தை மற்றவருக்கு ஒப்படைப்பது பற்றியது. நர்சிங் சட்டம் 301-ஆம் அத்தியாயத்தில் தனியாக இருக்கிறது. நம் உரிமத்தைத் தருவது நர்சிங் போர்டு. மருந்து எழுதும் அதிகாரம் மட்டும் டாக்டரின் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. பிரச்சினையின் வேர் இங்கேதான்.

இப்போதைய ஒப்பந்த முறை 2013-இல் வந்தது. அதற்கு முன் டாக்டர் எந்த இடத்தில் இருக்கிறார், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை வைத்து விதிகள் இருந்தன. இப்போது தூரக் கணக்கு போய்விட்டது, ஒப்பந்தம் இருக்கிறது. மாதாமாதம் டாக்டரோடு கூட்டம் உண்டு. சில நோயாளிக் கோப்புகளை அவர் பார்க்க வேண்டும். நாம் எழுதும் மருந்துச் சீட்டில் அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண் இருக்க வேண்டும். மருத்துவமனைக்கும் மருத்துவ வசதி குறைந்த பகுதிக்கும் விலக்கு இருக்கிறது; மற்றபடி ஒரு டாக்டர் முழுநேரக் கணக்கில் ஏழு பேருக்கு மேல் ஒப்படைக்க முடியாது. கடுமையான வலி மருந்துகள் அடங்கிய இரண்டாம் பட்டியலை மருத்துவமனையிலும், இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் ஹாஸ்பிஸிலும் மட்டுமே எழுதலாம். சொந்த கிளினிக் வைத்திருப்பவர்கள் பலர் இந்தக் கையெழுத்துக்காக டாக்டருக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள்.

அமெரிக்க நர்ஸ் ப்ராக்டிஷனர் சங்கம் மாநிலங்களை மூன்றாகப் பிரிக்கிறது: முழு அதிகாரம், குறைந்த அதிகாரம், கட்டுப்படுத்தப்பட்ட அதிகாரம். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் முதல் வகையில் சேர்ந்துவிட்டன. டெக்சஸ் மூன்றாவதில் நிற்கிறது. முதல் வகையில் ஆரெகன், மாசசூசெட்ஸ் போன்ற ஜனநாயகக் கட்சி மாநிலங்களும் உண்டு. ஐடஹோ, வயோமிங், நெப்ராஸ்கா, யூட்டா போன்ற குடியரசுக் கட்சி மாநிலங்களும் உண்டு. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்சி உறுப்பினரிடமும் கூச்சமில்லாமல் பேசக்கூடிய விஷயம் இது.

விசா, கிரீன் கார்டு, வேலை: எது கூடும், எது கூடாது

நம்மவர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

சட்டமன்ற உறுப்பினரைப் பார்ப்பதற்கோ, கடிதம் எழுதுவதற்கோ, கமிட்டி முன் சாட்சி சொல்வதற்கோ குடியுரிமை தேவையில்லை. எச்-1பி-யில் இருந்தாலும், கிரீன் கார்டுக்குக் காத்திருந்தாலும் நீங்கள் அந்தத் தொகுதியில் குடியிருக்கிறவர். வரி கட்டுகிறீர்கள். அரசிடம் முறையிடும் உரிமை உங்களுக்கும் உண்டு.

பணம் வேறு கதை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள் அமெரிக்காவில் எந்தத் தேர்தலுக்கும், மத்திய அரசுத் தேர்தலோ மாநிலத் தேர்தலோ, நன்கொடை தரக்கூடாது. மத்திய அரசுச் சட்டம் அது. தொழிற்சங்கத்திலோ நர்ஸ் அமைப்பிலோ சேரும்போது படிவத்தின் கடைசியில் "அரசியல் நிதிக்கு இருபது டாலர்" என்று ஒரு கட்டம் இருக்கும். விசாவில் இருப்பவர்கள் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள். உறுப்பினர் சந்தா கட்டுவதில் பிரச்சினை இல்லை. சந்தேகமிருந்தால் உங்கள் குடிவரவு வக்கீலிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். பேரணி, சட்டமன்றக் கட்டடமான கேபிடலில் நடக்கும் கேபிடல் தினம் மாதிரி இடங்களில் வாக்காளர் பதிவு மேஜை போட்டிருப்பார்கள். நல்ல எண்ணத்தோடு "கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டுவார்கள். குடியுரிமை இல்லாதவர் அதில் கையெழுத்திட்டால் நாடு கடத்தப்படும் அளவுக்குப் போகும். எந்தத் தாள் நீட்டினாலும் அது என்னவென்று படித்துவிட்டுத்தான் கையெழுத்து.

வேலை விஷயத்தில் மூன்று ஒழுங்குகள் போதும். விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனையின் ஈமெயில், லெட்டர்ஹெட், அடையாள அட்டை எதையும் பயன்படுத்தாதீர்கள். "நான் என் சொந்தக் கருத்தாகப் பேசுகிறேன்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மாநில அரசின் மருத்துவமனையில், பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பு: அரசு கம்ப்யூட்டரில் ஒரு கடிதம்கூட டைப் செய்யக்கூடாது.

உங்கள் தமிழ்ச் சங்கமோ கோயிலோ லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்திருந்தால், ஒரு மசோதாவை ஆதரித்து ஓரளவுக்குப் பேசலாம். வேட்பாளர் யாரையும் ஆதரிக்கக் கூடாது. பொங்கல் விழா மேடையில் "இந்த மசோதாவுக்காக உங்கள் உறுப்பினரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லலாம், "இவருக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று சொல்லக்கூடாது.

நாட்காட்டி

டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை வருடங்களில் மட்டும், அதிகபட்சம் 140 நாள் நடக்கும். அடுத்தது 2027 ஜனவரி 12-இல் தொடங்குகிறது. மசோதாக்களை முன்கூட்டியே தாக்கல் செய்வது 2026 நவம்பர் 9-இலிருந்து. அறுபதாவது நாளோடு, அதாவது மார்ச் 12-உடன், சாதாரண மசோதாக்களுக்குத் தாக்கல் முடிகிறது. மே மாதக் கடைசியில் கூட்டத்தொடரே முடிந்துவிடும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெரிகிறது. கூட்டத்தொடர் நடக்கும்போது வேலையைத் தொடங்கினால் ரொம்பத் தாமதம். ஆயிரக்கணக்கான மசோதாக்களுக்கு நடுவில் புதுமுகத்துக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள். முந்தைய வருடம் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் உறுப்பினர்கள் தொகுதியில் இருப்பார்கள். அப்போது பார்த்தவரைத்தான் பிப்ரவரியில் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

உங்கள் உறுப்பினரும் அவருடைய ஸ்டாஃபும்

கீழவையில் 150 பேர், செனட்டில் 31 பேர். உங்களுக்கு இரண்டே பேர்தான் முக்கியம்: உங்கள் வீட்டு முகவரிக்கு உரிய கீழவை உறுப்பினர், செனட்டர். "ஹூ ரெப்ரசன்ட்ஸ் மீ" என்ற அரசின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் வந்துவிடும். கிளினிக் வேறு தொகுதியில் இருந்தால் அந்த இருவரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் டெக்சஸ் நர்ஸ் ப்ராக்டிஷனர்கள் அமைப்பில் சேருங்கள். மாநில அளவில் மசோதாவை எழுதவைப்பது, உறுப்பினர் ஒருவரைத் தாக்கல் செய்யவைப்பது எல்லாம் அவர்கள் வேலை. தனியாளாகப் போய் புது மசோதா கேட்காதீர்கள். நம் வேலை, அவர்கள் கொண்டுவரும் மசோதாவுக்கு அந்தத் தொகுதியின் முகமாக நிற்பது. அதை அவர்களால் செய்ய முடியாது, நம்மால்தான் முடியும்.

தொகுதி அலுவலகத்துக்குப் போன் செய்யும்போது இப்படிப் பேசினால் போதும்: "வணக்கம், நான் உங்கள் தொகுதியில் குடியிருக்கிறேன், இந்த ஜிப் கோடு. நான் நர்ஸ் ப்ராக்டிஷனர். ஒப்பந்தச் சட்டத்தால் என் நோயாளிகளுக்கு என்ன ஆகிறது என்று பதினைந்து நிமிஷம் பேச வேண்டும். சுகாதார விஷயங்களைப் பார்க்கும் ஸ்டாஃபைப் பார்த்தாலும் சரி." அந்தக் கடைசி வரி கதவைத் திறக்கும். உறுப்பினர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு மூன்று மாதம் கழித்து நாள் கிடைக்கும். ஸ்டாஃப் போதும் என்பவருக்கு அடுத்த வாரமே கிடைக்கலாம். அந்த ஸ்டாஃபுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனால் ஓட்டுக்கு முன் உறுப்பினர் கையில் இருக்கும் குறிப்பை எழுதுவது அவர்தான். "தம்பி" என்று நினைத்து அலட்சியமாகப் பேசிவிடாதீர்கள்.

யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். இங்கே வெறுங்கைதான் மரியாதை. பழம், ஸ்வீட் பாக்ஸ், பட்டுச் சால்வை எதுவும் வேண்டாம். பரிசு பற்றிய விதிகள் அவர்களுக்கு உண்டு. நாம் அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. ஒரு தாள் கொண்டுபோங்கள்.

அந்த ஒரு தாள்

ஒரே பக்கம். மேலே மசோதா எண். எண் இன்னும் வரவில்லை என்றால் சட்டப் பிரிவு. அதன் கீழே நீங்கள் கேட்பது ஒரே வரியில்: "ஒப்பந்தக் கட்டாயத்தை நீக்கும் மசோதாவை ஆதரிக்க வேண்டுகிறேன்."

அடுத்து, அந்தத் தொகுதியின் படம். அந்தக் கவுண்டியில் எத்தனை டாக்டர், எத்தனை என்.பி., பக்கத்து மருத்துவமனை எத்தனை மைல், புதிதாக வரும் நோயாளிக்கு எத்தனை வாரம் காத்திருப்பு. டெக்சஸில் 254 கவுண்டிகள், பலவற்றில் ஒரு டாக்டர்கூட இல்லை. மாநில சுகாதாரத் துறை கவுண்டி வாரியாக எண்ணிக்கையை வெளியிடுகிறது. அமெரிக்கா முழுவதற்குமான புள்ளிவிவரத்தை அடுக்குவதைவிட உங்கள் கவுண்டியின் ஒரு எண் கனமானது.

அப்புறம் ஒரு சம்பவம், நான்கைந்து வரி. இதில்தான் கவனம் வேண்டும். நோயாளியின் பெயரைச் சொல்லாவிட்டால், நோயாளியின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டத்தால் சிக்கல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டாயிரம் பேர் உள்ள ஊரில் "எழுபத்தொன்பது வயது, டயாலிசிஸ், மனைவி இறந்துவிட்டார்" என்றாலே யார் என்று தெரிந்துவிடும். நோயாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லையென்றால் கிளினிக்குக்கு நடந்ததைச் சொல்லுங்கள்: ஒப்பந்த டாக்டர் விலகிய வாரத்தில் எத்தனை அப்பாயின்ட்மென்ட் ரத்தானது, எத்தனை ரீஃபில் நின்றது. அதில் நோயாளி யாரும் இல்லை, ஆனால் எல்லாம் புரிந்துவிடும்.

ஆய்வுகள் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். 2000-இல் நியூயார்க்கில் 1,316 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு ஜாமா மருத்துவ இதழில் வந்தது, என்.பி.யிடம் போனவர்களுக்கும் டாக்டரிடம் போனவர்களுக்கும் ஆறு மாதம் கழித்து உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முதன்மை சிகிச்சையில் டாக்டர் இடத்தில் நர்ஸ் இருப்பது பற்றி 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பீடு 2018-இல் வந்தது; அதன் முடிவும் அந்தப் பக்கமே சாய்கிறது. சந்தைப் போட்டியைக் கவனிக்கும் மத்திய வர்த்தக ஆணையம் 2014-இல் வெளியிட்ட அறிக்கை, கட்டாய மேற்பார்வை விதிகள் போட்டியைக் குறைக்கும் என்று எச்சரித்தது. தொழில் செய்யும் சுதந்திரத்தைப் பெரிதாக மதிக்கும் உறுப்பினருக்கு இந்தக் கடைசி வரி மற்ற இரண்டையும்விட உதவும்.

எதிர்த்தரப்பு சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்

டெக்சஸ் மருத்துவச் சங்கம் இதை எதிர்க்கிறது. அவர்கள் முதலில் சொல்வது பயிற்சி நேரம். டாக்டருக்கு ரெசிடன்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி முடிய பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது; என்.பி. படிப்பில் குறைந்தபட்ச கிளினிக்கல் நேரம் நீண்ட காலம் 500 ஆக இருந்து, 2022-இல் வந்த தேசியத் தரவிதியில் 750 ஆனது. இந்த எண்கள் உண்மை. மறுக்காதீர்கள். "நாங்களும் டாக்டருக்குச் சமம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் அத்தோடு கெட்டது. நாம் அறுவை சிகிச்சை கேட்கவில்லை. இன்று கையெழுத்தோடு செய்யும் அதே வேலையைக் கையெழுத்து இல்லாமல் செய்யக் கேட்கிறோம். பல வருடம் பதிவு பெற்ற நர்ஸாக (ஆர்.என்.) நோயாளி பக்கத்தில் நின்ற அனுபவத்தை அந்த 750 கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் அமைதியாகச் சொல்லலாம்.

அடுத்து அவர்கள் எடுப்பது, முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் நடந்த ஆய்வு. 2022-இல் வெளியானது. அங்கே என்.பி.க்கள் பார்த்த நோயாளிகளுக்குச் செலவு கூடியது, நேரமும் கூடியது என்கிறது. அதைப் படித்துவிட்டுப் போங்கள். அது அவசரப் பிரிவு. நம் மசோதா பெரும்பாலும் முதன்மை சிகிச்சையைப் பற்றியது. அங்கே ஆய்வுகள் வேறு சொல்கின்றன. இப்படிப் பதில் சொன்னால் உங்களை நம்புவார்கள். "அப்படி ஒரு ஆய்வே இல்லை" என்றால் அந்த நம்பிக்கை திரும்பி வராது.

"ஒப்பந்தம் போனால் டீம் உடையும்" என்பது மூன்றாவது. ஒப்பந்தம் இல்லாத மாநிலங்களிலும் சந்தேகம் வந்தால் கார்டியாலஜிஸ்டைக் கூப்பிடுகிறார்கள், ரெஃபர் செய்கிறார்கள். டாக்டர்கள் ஒருவருக்கொருவர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டா ஆலோசனை கேட்கிறார்கள்?

அதேபோல் நாமும் மிகைப்படுத்தக் கூடாது. சட்டம் மாறிய மறுநாளே எல்லா என்.பி.யும் மேற்கு டெக்சஸ் கிராமத்தில் கிளினிக் திறந்துவிடுவார்கள் என்று சொல்லாதீர்கள். போக நினைப்பவர்களை இன்றைய சட்டம் தடுக்கிறது என்று சொல்லுங்கள். அது போதும், அது உண்மையும்கூட.

நம் சமூகத்துக்குள் ஒரு சங்கடம் இருக்கிறது. உங்கள் சங்கத்தில், உங்கள் கோயிலில் டாக்டர்கள் நிறைய. அவர்களில் சிலர் இதை எதிர்ப்பார்கள், அதிலும் உங்களை "சிஸ்டர்" என்று பாசமாகக் கூப்பிடுகிற அதே அண்ணன்மார்கள். விருந்தில் வாக்குவாதம் வேண்டாம். தனியாகக் கேளுங்கள்: "உங்க கிளினிக் என்.பி.யோட ஒப்பந்தத்தில் போன மாதம் நீங்க உண்மையில் எவ்வளவு நேரம் செலவழிச்சீங்க?" பல டாக்டர்களுக்கும் அந்தப் பொறுப்பு ஒரு சுமைதான். ஆதரவாக ஒரு டாக்டர் கமிட்டி முன் வந்து பேசினால், அது பத்து நர்ஸ் பேசுவதற்குச் சமம். அப்படி ஒருவரை நீங்கள் கூட்டிவந்தால், அந்த வருடம் நீங்கள் செய்த மிகப் பெரிய வேலை அதுதான்.

வயதானவர்களின் அமைப்பான ஏ.ஏ.ஆர்.பி. பல மாநிலங்களில் இந்தச் சட்டங்களை ஆதரித்து வந்திருக்கிறது. கிரீன் கார்டில் வந்து மகன் வீட்டில் இருக்கும் அம்மா அப்பாக்கள், தமிழ் பேசும் என்.பி.யைத் தேடி வருபவர்கள், இவர்களின் ஒரு கடிதமும் தொகுதிக் குரல்தான். அம்மா தமிழில் சொல்ல, பேத்தி ஆங்கிலத்தில் எழுத, அம்மா கையெழுத்துப் போடலாம்.

கமிட்டி நாள்

மசோதா தாக்கலானதும் "டெக்சஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன்" தளத்தில் எண்ணைப் போட்டு அலர்ட் வைத்துக்கொள்ளுங்கள். மசோதாவை முழுக்கப் படியுங்கள். அடிக்கோடிட்டது புதிதாகச் சேர்ப்பது, அடைப்புக்குறிக்குள் குறுக்கே கோடு போட்டது நீக்குவது. முந்தைய கூட்டத்தொடர்களில் வந்த இதே மாதிரி மசோதாக்களின் சாட்சிப் பட்டியலும் அங்கேயே கிடைக்கும்: யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, எந்த அமைப்பு. கமிட்டி வீடியோவும் இருக்கும். எதிர்ப்பவர்கள் என்ன கேள்வியைத் தூண்டிவிடுகிறார்கள் என்று ஒரு மாலை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். இதைவிடச் சிறந்த தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை.

கீழவையில் பெரும்பாலும் பொதுச் சுகாதாரக் கமிட்டிக்கும், செனட்டில் சுகாதார, மனித சேவைகள் கமிட்டிக்கும் போகும். விசாரணை அறிவிப்பு சில நாட்களுக்கு முன்புதான் வரும். ஹூஸ்டனிலிருந்தோ டாலஸிலிருந்தோ ஆஸ்டினுக்கு மூன்று மணி நேர ஓட்டம். ஷிஃப்டை மாற்றித் தர முன்கூட்டியே ஒரு தோழியிடம் சொல்லி வைத்திருங்கள்.

கேபிடலில் பெரும்பாலான கமிட்டி அறைகள் பூமிக்கடியில் கட்டிய பகுதியில் இருக்கின்றன. அங்கே கியாஸ்க் என்ற பதிவு இயந்திரத்தில் பெயர், மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா நடுநிலையா, பேசப் போகிறீர்களா அல்லது நிலைப்பாட்டை மட்டும் பதிகிறீர்களா என்று கேட்கும். "யாரைப் பிரதிநிதித்துவம் செய்கிறீர்கள்" என்ற இடத்தில் "நானே" என்று போடுங்கள், மருத்துவமனைப் பெயரைப் போடாதீர்கள். பேசப் பயமாக இருந்தால் பதிவு மட்டும் செய்தாலும் அந்த எண்ணிக்கையில் சேரும். ஆஸ்டினுக்கு வரவே முடியாதவர்கள் கீழவை மசோதாவுக்கு இணையத்தில் கருத்து அனுப்பலாம்.

காலை எட்டு மணிக்குப் பதிந்தாலும் உங்கள் முறை இரவு ஒன்பதுக்கு வரலாம். சாப்பாடு, சார்ஜர், மாத்திரை, மேலே போட ஒரு ஸ்வெட்டர். ஏ.சி. குளிர் தாங்காது.

தலைவர் சாதாரணமாக இரண்டு மூன்று நிமிஷம் தருவார். இரண்டுக்குத் தயார் செய்யுங்கள். ஆங்கிலத்தில் பேசப்போவதன் சாரம் இப்படி இருக்கலாம்:

"தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நான் குடும்ப நர்ஸ் ப்ராக்டிஷனர். இந்தக் கவுண்டியில் வசிக்கிறேன். என் சொந்தக் கருத்தாக, மசோதாவை ஆதரித்துப் பேசுகிறேன். என் கிளினிக்கில் வாரத்துக்கு இத்தனை பேரைப் பார்க்கிறேன், பாதிக்கு மேல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும். ஒப்பந்த டாக்டர் ஓய்வு பெற்றபோது, அடுத்தவர் கிடைக்கும்வரை என்னால் புதிதாக மருந்து எழுத முடியவில்லை. என் படிப்பு மாறவில்லை, உரிமம் மாறவில்லை, நோயாளியும் மாறவில்லை. மாறியது ஒரு கையெழுத்து. அந்த நாட்களில் அவர்கள் அறுபது மைல் தள்ளியிருக்கும் அவசரப் பிரிவுக்குப் போனார்கள். மசோதாவை நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயார்."

எண்களும் சம்பவமும் உங்களுடையதாக, உண்மையாக இருக்க வேண்டும். கடன் வாங்கிய கதையைச் சொல்லி, "அது எந்த ஊர் மருத்துவமனை?" என்று ஒரு உறுப்பினர் கேட்டால் நின்றுவிடுவோம்.

ஆக்சென்ட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மெதுவாகப் பேசுங்கள், எழுதியதன் நகலைக் கமிட்டி கிளார்க்கிடம் கொடுங்கள். உங்கள் நோயாளிகள் தினமும் புரிந்துகொள்கிற ஆங்கிலம் உறுப்பினர்களுக்கும் புரியும். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் "தெரியவில்லை, நாளை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாளே அனுப்புங்கள்.

சமரசம் வரும்போது

பெரும்பாலும் முழு மசோதா அப்படியே போகாது. "இத்தனை மணி நேரம் டாக்டரோடு வேலை பார்த்த பிறகு ஒப்பந்தம் வேண்டாம்" என்று திருத்தம் வரும். மற்ற மாநிலங்கள் எங்கே நின்றன என்று தெரிந்திருந்தால்தான் கருத்துச் சொல்ல முடியும். நியூயார்க் 2014-இல் இயற்றிய சட்டத்தில் 3,600 மணி நேரத்துக்குப் பிறகு எழுத்து ஒப்பந்தம் வேண்டாம் என்றது, ஆனால் டாக்டரோடு ஒத்துழைப்பு உறவு இருப்பதாகக் காட்டச் சொன்னது. 2022-இல் அதையும் எடுத்தது. ஃப்ளோரிடா 2020-இல் 3,000 மணி நேரம் என்றது, ஆனால் குடும்ப மருத்துவம், பொதுக் குழந்தை மருத்துவம், பொது உள்மருத்துவம் மாதிரி முதன்மை சிகிச்சைக்கு மட்டும், மனநல என்.பி.க்கள் வெளியே நின்றார்கள். கலிஃபோர்னியாவின் ஏபி 890, அதே 2020-இல் கையெழுத்தானது, மூன்று வருடம் அல்லது 4,600 மணி நேரம் கேட்கிறது, முழுத் தனி அதிகாரத்துக்கு அதற்கு மேல் இன்னும் மூன்று வருடம்.

என் கருத்து: மணி நேர நிபந்தனையை ஏற்கலாம். புதிதாகப் படித்து வருபவருக்கு இரண்டு வருடம் அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இருப்பது நல்லதே. ஆனால் அந்த மணி நேரத்துக்கு யார் சான்று தருவது என்று பாருங்கள். டாக்டர் மட்டும்தான் என்றால், டாக்டரே இல்லாத கவுண்டியில் அந்தக் கதவு திறக்காது, அனுபவமுள்ள என்.பி.யும் தரலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே பத்து வருடம் வேலை பார்த்தவர்கள் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டுமா என்றும் பாருங்கள். மனநலத்தை விட்டுவிட்டு நிறைவேற்றலாம் என்று யாராவது சொன்னால் எதிர்த்துப் பேசுங்கள். டெக்சஸ் கிராமங்களில் மனநல மருத்துவர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். கடைசி முடிவை மாநில அமைப்பு எடுக்கட்டும். உங்கள் கருத்தை அவர்களிடம் முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுங்கள், செனட் மாடத்தில் உட்கார்ந்து கோபப்படுவதில் பயனில்லை.

மசோதா நின்றுபோனால்

பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் நிற்கும். கமிட்டியில் ஓட்டெடுப்புக்கே வராது, அல்லது கீழவையில் எது எப்போது விவாதத்துக்கு வரும் என்று முடிவு செய்யும் நாட்காட்டிக் கமிட்டியில் தங்கிவிடும். செனட்டில் எந்த மசோதா எந்தக் கமிட்டிக்கு என்பது துணை கவர்னர் கையில். மே மாதம் தேதி நெருங்க நெருங்க, "இன்னும் வரலையா" என்று உங்கள் உறுப்பினரின் ஸ்டாஃபிடம் மரியாதையாகக் கேளுங்கள். கமிட்டித் தலைவருக்கு உறுப்பினர் ஒரு கடிதம் அனுப்புவாரா என்றும் கேளுங்கள்.

கூட்டத்தொடர் முடிந்த வாரத்தில் மூன்று காரியம். மசோதாவைத் தாக்கல் செய்தவருக்கும் அவருடைய ஸ்டாஃபுக்கும் நன்றிக் கடிதம், கையால் எழுதியது. எது தடுத்தது என்று அவர்களிடமே கேட்பது. எதிர்த்து ஓட்டுப் போட்டவராக இருந்தாலும் சரி, உங்கள் உறுப்பினரைக் கிளினிக்குக்கு அழைப்பது: நோயாளிகளின் சம்மதத்தோடு அரை நாள் உங்களோடு இருக்கட்டும், அறைக்குள் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கட்டும், ஒப்பந்தக் கோப்பையும் எடுத்து மேஜையில் வையுங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் அவர்கள் தொகுதியில் இருப்பார்கள். தொகுதி அலுவலகத்தில் தேதி கேளுங்கள்; இந்தத் தடவை உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.